பிரிவுக்கு ஓர் எல்லை: தொல்காப்பியரும் கேரள அரசின் விடுப்பு விதியும்

குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் எனக்கும் அரசுப் பணியாளர் விடுப்பு விதிக்கும் என்ன சம்பந்தம் என்று சங்கத்து நண்பர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் கடைவாசலில்தான் வந்தது. உடும்பன்சோலைப் பக்கத்து இளந்தம்பதியர் ஒரு நாள் வந்தனர். அந்தப் பெண் அரசு மருத்துவமனையில் செவிலியர். மாப்பிள்ளை தமிழ்வழிப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர். "அய்யா, துபாயில ஆஸ்பத்திரி வேலை கிடைச்சிருக்கு. லீவு போட்டுப் போகலாங்கிறாங்க. போனா இங்க வேலை நிக்குமா?" என்றது அந்தப் பெண். நான் பாதி தெரிந்தவன். பாதியைப் படித்துத் தெரிந்துகொண்டேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

கேரளத்தில் அரசு ஊழியர் வேலையை விடாமலே வெளிநாடு சென்று வேறு வேலை பார்க்க வழி உண்டு. 1959-ல் நடைமுறைக்கு வந்த கேரளப் பணி விதிகளின் பன்னிரண்டாம் பிற்சேர்க்கை இதைச் சொல்கிறது. அதில் மூன்று பிரிவுகள். வேறு வேலைக்குப் போவது ஒன்று, படிக்கப் போவது மற்றொன்று, கணவன் அல்லது மனைவியோடு சேர்ந்து வாழப் போவது மூன்றாவது. மூன்றிலும் சம்பளம் கிடையாது. வேலைக்காகப் போகும் விடுப்பை முன்பு பணிக்காலம் முழுவதற்குமாக 20 ஆண்டு வரை எடுக்கலாம். பாதி ஆயுளை வளைகுடாவில் கழித்துவிட்டு, ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னே வந்து கையெழுத்துப் போட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். 2020-ல் அரசு இதை 5 ஆண்டாகக் குறைத்துவிட்டது. காலம் முடிந்தும் திரும்பாதவர் வேலையை விட்டவராகவே கருதப்படுவார்.

இதைப் படித்தபோது எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. அகத்திணையியலில் பிரிவுகளை வகைப்படுத்தும் ஆசிரியர், கற்பியலில் அவற்றுக்குக் கால எல்லையும் வகுக்கிறார். கல்விக்காகப் பிரிபவன் மூன்று ஆண்டைக் கடக்கலாகாது. வேந்தனின் தொழிலுக்காகப் பிரிபவன் ஓராண்டுக்குள் மீள வேண்டும். ஏனைய பிரிவுகளுக்கும் அவ்வளவே. விடுப்புக்கு எல்லை வைப்பது திருவனந்தபுரத்துச் செயலகம் கண்டுபிடித்த புதுமை அன்று. எங்கள் சமண இல்லறத்தார்க்குத் 'திசை விரதம்' என்று ஒன்று உண்டு, இந்தத் திசையில் இவ்வளவு தூரத்துக்கு மேல் போவதில்லை என்று வரம்பு கட்டிக்கொள்வது. அது தூரத்துக்கு எல்லை, இது காலத்துக்கு எல்லை. (வியாபாரிக்கு அந்த விரதம் கஷ்டம்தான். என் தகப்பனார் வந்தவாசிப் பக்கமிருந்து இந்த மலைக்கு வந்தவர்.)

விடுப்பில் கிடைப்பது என்ன, போவது என்ன என்பதைக் கணக்காகப் பார்க்க வேண்டும். வேலை நிற்கும், அதுவே லாபம். ஆனால் அந்த ஆண்டுகள் ஊதிய உயர்வுக்குச் சேரா, ஓய்வூதியத்துக்கும் சேரா. நாம் அங்கிருக்கும்போது நமக்கு இளையவர் பதவி உயர்வு பெற்றுவிட்டால், அந்த மேல்பதவியில் அவரே நமக்கு மூத்தவர். தகுதிகாண் பருவம் முடியாமல் போகிறவர் திரும்பி வந்து அதை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தக் கடைசி விதியைத்தான் பலர் கவனிப்பதில்லை. மாப்பிள்ளை முகம் வாடியது அங்கேதான்.

அங்கே கிடைப்பதையும் சொல்ல வேண்டுமல்லவா? ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி, ஓராண்டு முடித்தவருக்கு வேலை முடிகையில் பணிக்கொடை உண்டு. முதல் 5 ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். நம் விடுப்பும் 5 ஆண்டு என்பதால் மொத்தம் 105 நாள் சம்பளம் என்று கணக்கிடலாம். 'அடிப்படை' என்ற சொல்லில்தான் சூட்சுமம். மொத்தச் சம்பளத்தைப் பெரிதாகக் காட்டி அடிப்படையைச் சின்னதாக எழுதும் ஒப்பந்தங்கள் உண்டு. "ஏம்மா, மொத்தத்தைப் பார்க்காதே, அடிப்படைக் கட்டத்தைப் பாரு" என்றேன். எடை போடுகிறவனுக்குத் தட்டின் எடையைக் கழிக்கத் தெரிய வேண்டும்.

காகித வேலைகளில் எல்லைப்புறத் தமிழருக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. நம் பிள்ளைகள் பலர் தேனியிலும் மதுரையிலும் கோவையிலும் படித்தவர்கள். பட்டத்தை எந்த மாநிலம் வழங்கியதோ அந்த மாநிலத்தின் சான்றொப்பம் முதலில் வேண்டும். பிறகுதான் வெளியுறவு அமைச்சகமும் தூதரகமும். கேரளத்தில் குடியிருக்கிறோம் என்பதற்காக இங்கே உள்ள நோர்க்கா அலுவலகத்தில் எல்லாம் முடிந்துவிடாது. சித்தூர், கொழிஞ்சாம்பாறைக்காரரும் இதில் அலைந்து களைக்கிறார்கள். இன்னொன்று பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். பள்ளிச் சான்றிதழில் 'மு.' என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் முழுத் தந்தை பெயர் வரும், அல்லது அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். 2022 நவம்பரில் அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை வருகை விசாவில் ஏற்பதில்லை என்று அறிவித்தபோது நம் பக்கத்தில் எத்தனை பேர் பதறினார்கள்! விண்ணப்பிக்கும்போதே இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுவது நல்லது.

செவிலியருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. 2015 முதல் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செவிலியரை அனுப்பும் பொறுப்பு நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக் போன்ற அரசு நிறுவனங்களுக்கே தரப்பட்டது. தனியார் தரகர்கள் லட்சக்கணக்கில் வாங்கியதால் வந்த ஏற்பாடு அது. எனவே யாராவது தனியாக அத்தொகை கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

இனிக் குடும்பம். முந்நீர் வழக்கம் மகளிரோடு இல்லை என்பது தொல்காப்பியர் வைத்த வரம்பு. கடல்வழிச் செலவு என்று அதற்குப் பொருள் கொள்வோர் உண்டு, முந்நீருக்கு வேறு பொருள் சொன்ன உரையும் உண்டு. இன்றைய அமீரகத்தில் அந்த வரம்பைத் திர்ஹாம் தீர்மானிக்கிறது. மாதம் 4000 திர்ஹாம், அல்லது 3000 திர்ஹாமும் தங்குமிடமும் இருந்தால் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். கணவன்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை, மனைவியும் அழைக்கலாம்.

இவர்கள் விஷயத்தில் சேர்ந்து போவது சரிவரவில்லை. மாப்பிள்ளையின் தகுதிகாண் பருவம் பாதியில் நின்றது. அது ஒன்று. மற்றொன்றை அவரே சொன்னார்: "நான் போனா என் வகுப்புக்குத் தமிழ்ல பாடம் எடுக்க ஆள் கிடைக்கிற வரைக்கும் பிள்ளைக சும்மா உட்காருவாங்க அய்யா." எஸ்டேட் லயத்திலிருந்து வரும் பிள்ளைகள் அவர்கள். ஊதிய உயர்வு, ஓய்வூதியம், பணிக்கொடை என்று நான் போட்ட கணக்கில் இந்த வரி இல்லவே இல்லை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஆகவே அவள் முதலில் போவது, அவர் பருவத்தை முடித்து, அந்த இடத்துக்கு ஆளும் வந்தபின், மனைவியோடு சேரும் விடுப்பில் போவது என்று முடிவாயிற்று. குழந்தை அப்பாவிடமும் பாட்டியிடமும். அகப்பாடல்களில் வீட்டில் இருந்து நாள் எண்ணிச் சுவரில் கோடு இடுபவள் தலைவி. உடும்பன்சோலையில் இப்போது கோடு இடுபவர் தலைவன். உரையாசிரியர்கள் இதற்கு என்ன துறை வகுத்திருப்பார்களோ!

புறப்படுவதற்கு முதல்நாள் அவள் கடைக்கு வந்து அரைக் கிலோ நல்ல பச்சை ஏலம் கேட்டாள். அங்கே காப்பியில் ஏலக்காய்தானே போடுகிறார்கள், கடையிலேயே கிடைக்குமே என்றேன். "கிடைக்கும் அய்யா. இது நம்ம ஊரு வாசம்" என்றாள். எட்டு மில்லிமீட்டர் காயாகப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தேன்.