மலையிறக்கத்தில் பழைய காரின் பிரேக் ஏன் கைவிடுகிறது?

பேட் புதிது, டிஸ்க் புதிது. ஆனாலும் கல்லட்டி மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் மிதி திடீரென்று மெத்தென்று உள்ளே போய்விடலாம். பழைய கார் வாங்குவோர் டயரைப் பார்க்கிறார்கள், எஞ்சின் ஆயிலைப் பார்க்கிறார்கள். பிரேக் ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்பவர் அரிது. கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி அது.

மிதிக்கும் விசையைச் சக்கரம்வரை கொண்டுபோவது இந்தத் திரவம். அழுத்தினால் திரவம் சுருங்காது. பிரேக்கின் ஆதாரமே அதுதான். ஆனால் டாட் 3, டாட் 4 எனப்படும் பிரேக் ஆயில் வகைகள் ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் குழாயின் சுவர் வழியாகக்கூட ஈரம் மெல்ல ஊடுருவும். புதிய டாட் 4-இன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 155 டிகிரிதான். விடாமல் பிரேக் பிடித்து இறங்கினால் சூடேறித் திரவம் கொதிக்கும், ஆவிக்குமிழ்கள் உண்டாகும். ஆவி சுருங்கக்கூடியது. மிதித்த விசையெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும்.

ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பிரேக் பிடிக்கும். பட்டறையில் குறை தெரியாமல் போவது இதனால்தான்.

பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். திறந்து நாளான புட்டியில் மிஞ்சியதை ஊற்றாதீர்கள். அதுவும் ஈரம் குடித்திருக்கும். இறக்கத்தில் பிரேக்கையே நம்பி விடாமல் மிதிக்காமல், இரண்டாம் கியரில் இறங்குங்கள்.