பழ அலர்ஜி: ரத்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

பண்ருட்டிப் பலாவும் மாம்பழமும் வரத் தொடங்கிவிட்டால் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வீடுகளில் பழத்துக்குக் குறைவிருக்காது. ஆனால் சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே சிலருக்கு நாக்கும் தொண்டையும் அரிக்கும், உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும். "உடம்பு சூடு, ஒத்துக்கல" என்று விட்டுவிடுகிறோம். அது அலர்ஜியாகவும் இருக்கலாம்.

லேபுக்குப் போய் "அலர்ஜி டெஸ்ட் எடுங்க" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மொத்த ஐ.ஜி.இ. என்று ஒரு டெஸ்ட் உண்டு. வயிற்றில் பூச்சி இருந்தாலும் அது ஏறும். எந்தப் பழம் ஆகவில்லை என்று காட்டாது. குறிப்பிட்ட பழத்துக்கு எதிராக ரத்தத்தில் இருக்கும் ஐ.ஜி.இ. எதிர்ப்பொருளை அளப்பது வேறு டெஸ்ட். உங்களுக்குத் தேவை அதுதான். (ஐ.ஜி.ஜி. பார்த்து நீளமாக உணவுப் பட்டியல் தரும் பேக்கேஜுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத் தாண்டி அது பெரிதாக எதையும் சொல்வதில்லை.)

சரி, ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று வந்துவிட்டது. அலர்ஜி உறுதியா? இல்லை. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்தி 2016-ல் வெளியான யூரோப்ரிவால் ஆய்வில், ஏதாவது ஓர் உணவுக்கு ஐ.ஜி.இ. இருந்தவர்கள் 26.5 சதவீதம். அறிகுறியையும் சேர்த்துப் பார்த்தபோது, உணவு அலர்ஜி இருக்கக்கூடும் என்று கணிக்கப்பட்டவர்கள் வெறும் 1.2 சதவீதம்! ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து, நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளைக்கு வாழைப்பழத்தை நிறுத்துவது வீண் தண்டனை.

எண் கூடினால் அலர்ஜி இருக்கும் வாய்ப்பு கூடும். எவ்வளவு மோசமாகத் தாக்கும் என்பதை அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. எண் குறைவாக உள்ளவருக்கும் மூச்சுத் திணறலாம்.

அதனால் டாக்டருக்கு ரிப்போர்ட்டைவிட உங்கள் அனுபவம்தான் முக்கியம். எந்தப் பழம், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில், என்னென்ன ஆச்சு, ஆஸ்துமா உண்டா என்று எழுதி வையுங்கள். பலூன், ரப்பர் கையுறை பட்டால் அரிக்குமா என்பதையும் சொல்லுங்கள்; வாழைப்பழம் ஆகாத சிலருக்கு ரப்பரும் ஆகாது. தடிப்பை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். தோலில் செய்யும் டெஸ்டுக்கு அலர்ஜி மாத்திரையைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள். ரத்தப் பரிசோதனைக்கு நிறுத்த வேண்டியதில்லை. சந்தேகம் தீராவிட்டால் டாக்டர் கண்காணிப்பில் பழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பதுண்டு. வீட்டில் இதை முயற்சி பண்ணாதீங்க.

மூச்சு இழுத்தாலோ, குரல் கம்மினாலோ, மயக்கம் வந்தாலோ மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். அப்போது முதலில் தேவைப்படுவது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 104.