ஆர்கெஸ்ட்ராவைப் பிரித்துக் காட்டும் பதினேழு நிமிடங்கள்

மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவை முதன்முதலாகக் கேட்பவர் காதில் எல்லா வாத்தியங்களும் கலந்து ஒரே முழக்கமாகத்தான் விழும். அந்த முழக்கத்தைப் பிரித்துக் காட்டவே ஒரு படைப்பு இருக்கிறது. ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் (1913–1976) கல்விப் படம் ஒன்றுக்காக 1945இல் எழுதிய ‘இளையோருக்கான ஆர்கெஸ்ட்ரா வழிகாட்டி’ அது. 1946 அக்டோபரில் லிவர்பூல் நகரில் மால்கம் சார்ஜண்ட் நடத்த, மேடையேறியது.

அடிப்படை மெட்டு பிரிட்டனுடையதல்ல. ஹென்றி பர்செல் 1695இல் ‘அப்தெலேசர்’ என்ற நாடகத்துக்கு அமைத்தது. முதலில் மொத்தக் குழுவும் அதை வாசிக்கிறது. பிறகு மரக் காற்றுக்கருவிகள், பித்தளைக் கருவிகள், தந்திக் கருவிகள், தாளக் கருவிகள் என நான்கு குடும்பங்களும் தனித்தனியே வாசிக்கின்றன. மீண்டும் எல்லாரும் சேர்கிறார்கள். இதற்குள் மெட்டு நமக்கு மனப்பாடமாகிவிடும்.

அடுத்து வருபவை 13 மாறுபாடுகள். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அதன் உடலமைப்புக்கு ஏற்ற நடை. பிக்கலோ, புல்லாங்குழலில் ஏறக்குறைய பாதி நீளம். அதனால் ஒரு ஸ்தாயி மேலே ஒலித்துச் சிறகடிக்கிறது. ஓபோவில் ஒலி பிறப்பது, நாகசுரத்தின் சீவாளியைப் போல, இரண்டு நாணல் தகடுகள் ஒன்றோடொன்று அதிர்வதால். பிரிட்டன் அதற்கு ஏக்கம் தோய்ந்த மெதுவான பாடலைத் தருகிறார். டிரம்பெட்டில் அதிர்வது வாசிப்பவரின் உதடுகளே. அதற்கு விரைந்தோடும் நடை. பொதுவாகப் பின்னணியில் அடங்கி நிற்கும் டபுள் பாஸும் இங்கே முன்னால் வருகிறது. தாளக் கருவிகளோடு மாறுபாடுகள் முடிகின்றன.

பிரித்ததைப் பூட்டுவது கடைசிப் பகுதியான ஃபியூக். பிரிட்டனே அமைத்த துள்ளலான புதிய மெட்டைப் பிக்கலோ தனியாகத் தொடங்குகிறது. மற்ற வாத்தியங்கள் முன்பு அறிமுகமான அதே வரிசையில் ஒவ்வொன்றாக அந்த மெட்டைப் பிடித்துக்கொண்டு நுழைகின்றன. முன்னால் வந்தவை நிற்காமல் வேறு இழைகளைப் பின்னுகின்றன. எல்லாம் உச்சவேகத்தில் ஓடும்போது, பித்தளைக் கருவிகள் பர்செலின் பழைய மெட்டை அகன்ற நடையில் அதன்மேல் எழுப்புகின்றன. இரண்டு மெட்டுகளும் மோதாமல் பொருந்துவதில்தான் பிரிட்டனின் கைத்திறன்.

இடையிடையே விளக்கவுரையோடு நிகழ்த்துவதும் உண்டு, உரையின்றி நிகழ்த்துவதும் உண்டு. முதல்முறை உரையோடு கேளுங்கள். அடுத்தமுறை உரையில்லாமல், ஒரே ஒரு வாத்தியத்தைத் தேர்ந்துகொண்டு ஃபியூக் முழுவதும் அதன் பின்னாலேயே போய்ப் பாருங்கள்.