தாயின் தவிப்பும் சேயின் இயல்பும்

காணிப்பாக்கத்தில் வழிபட்டுத் திருமலைக்குச் செல்வோர் அங்கு காணும் குரங்கு, உச்சிமயிர் குல்லாய்போல் படிந்த நாட்டுக் குரங்காகும். தென்னிந்தியாவுக்கே உரிய இவ்வினம், இளமையில் நேர்வது வளர்ந்த விலங்கின் நடத்தையை எவ்வாறு உருவாக்குகிறது என்பதை அறியப் பெரிதும் உதவியுள்ளது. அதற்கான ஆராய்ச்சி நடைபெற்றது அமெரிக்காவில், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலாகும்.

லியோனார்டு ரோசன்பிளம் என்பார் அங்குக் குட்டியுள்ள தாய்க் குரங்குகளை மூவகையாகப் பிரித்தார். முதல் வகைக்கு உணவு எளிதிற் கிட்டியது. இரண்டாம் வகை நாள்தோறும் துழாவித் தேடியே உணவைப் பெற்றது. மூன்றாம் வகைக்கோ இரு வாரம் எளிது, இரு வாரம் கடினம் என நிலைமை மாறிக்கொண்டேயிருந்தது. எவ்வகையும் பட்டினி கிடக்கவில்லை என்பது கருதத்தக்கது. 1984ஆம் ஆண்டில் வெளியான முடிவு வியப்பளிப்பது. என்றும் உழைத்த தாய்மார் அவ்வுழைப்புக்குப் பழகிவிட்டனர். நிலைமை மாறிய கூட்டத்திலேதான் தாய்மாரிடையே பூசலும் பதற்றமும் மிகுந்தன. குட்டிகள் தாயை விடாது பற்றிக்கொண்டன. புதியதை நாடி விளையாடுவது குறைந்தது. ஆகவே தாயைக் குலைத்தது உழைப்பன்று, நிச்சயமின்மையே எனலாம்.

இக்குட்டிகள் வளர்ந்த பின் ஜெரமி கோப்லானும் பிறரும் அவற்றின் மூளைத் தண்டுவட நீரைச் சோதித்தனர். அச்சத்தின்போது உடலை முடுக்கும் ஒரு பொருள், மூன்றாம் வகைக் குரங்குகளிடம் மிகுதியாக இருந்ததை 1996இல் வெளியிட்டனர்.

இது பரம்பரைக் குணமன்றோ என்று மாணவர் வினவக்கூடும். மான்ட்ரியலில் மைக்கேல் மீனியின் குழுவினர் எலிக்குஞ்சுகளைப் பிறந்தவுடன் தாய் மாற்றி வளர்த்தனர். மிகுதியாக நக்கிப் பேணும் வளர்ப்புத் தாயிடம் வளர்ந்தவை, ஈன்ற தாய் எத்தகையதாயினும், அச்சம் குறைந்தனவாயின. இது 1999இல் வெளிவந்தது.

கோயிற்புறக் குரங்குகளுக்குக் கூட்டநாளில் உணவு குவிவதும் மறுநாள் அருகுவதும் மேற்கூறிய மூன்றாம் வகையை நினைவூட்டும். எனினும் அவை கூண்டில் இல்லை. காயும் தளிரும் அவற்றுக்கு உண்டு. ஆதலின் முடிவுகளை அப்படியே பொருத்தலாகாது. குரங்கு பிடிக்கும் பணியில் தாயையும் சேயையும் பிரிக்காதிருப்பது மட்டும் ஐயத்துக்கிடமின்றித் தேவையானது. ஆசிரியர்களோ ஒரே கூட்டத்தைப் பன்முறை நோக்கி, குட்டி தாயை விட்டு எத்தனை முழம் விலகுகிறது, எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்பவற்றை மாணவரைக் கொண்டு குறிக்கச் செய்யலாம். இதற்குக் கடிகாரமும் குறிப்பேடுமே போதும். உணவு கொடுத்து அருகழைத்தல் கூடாது.