டைமர் பின்தங்கினால் நட்டம் யாருக்கு?

மீன் தொட்டிக்குள் வைக்கும் செடிகளை வளர்த்து விற்பதைப் பலர் பொழுதுபோக்கு என்றுதான் நினைக்கிறார்கள். என் வீட்டில் அது மாதச் செலவில் ஒரு பங்கைத் தாங்கும் தொழில். கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறேன். வெயில் எட்டாத பின்னறையில் நான்கு தட்டு இரும்பு ராக்கை. தட்டுக்கு இரண்டாக 18 வாட் எல்.ஈ.டி. டியூப்கள். அவற்றின் கீழே தண்ணீர்த் தட்டுகளில் கிரிப்டோகோரைன் வகைகள். அதில் வென்டீ என்ற இனம் இலங்கைக்கே உரியது, உலகமெங்கும் மீன் வளர்ப்பவர்கள் விரும்பி வாங்குவது. கொட்டாஞ்சேனையில் மீன் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை வந்து எடுத்துப் போவார்.

வீட்டுக்குள்ளே விளக்கு போட்டுச் செடி வளர்த்து விற்க விரும்பும் சகோதரர்கள் சிலர் முதல் எவ்வளவு, இலாபம் எவ்வளவு என்று என்னிடம் கேட்கிறார்கள். டைமரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு நட்டம் வந்ததோ அந்த வழியாகத்தான்.

செடிக்கு நாளுக்குப் பத்து மணி நேரம் போல வெளிச்சம் வேண்டும், மீதி நேரம் இருட்டு வேண்டும். அதனால் புறக்கோட்டையில் வட்டமான முகம் கொண்ட சாதாரண டைமர் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தேன். சுற்றிவர 96 சின்னப் பற்கள். ஒரு பல்லுக்குக் கால் மணி நேரம். காலை 8 மணிக்குப் பற்றும், மாலை 6 மணிக்கு அணையும். இந்த டைமருக்குள் தனியாக ஒரு கடிகாரம் இருப்பதாகத்தான் நானும் எண்ணியிருந்தேன். இருப்பது கரண்டில் சுழலும் சின்ன மோட்டார் மட்டுமே. கரண்ட் நின்றால் அதன் நேரமும் நிற்கும். கரண்ட் வந்தால் நின்ற இடத்திலிருந்து ஓடும்.

2022ஆம் ஆண்டு நினைவிருக்கும். எரிபொருள் இல்லாமல் நாளாந்தம் மின்வெட்டு, அதற்குப் பகுதி பகுதியாகக் குழுப் பிரித்து அட்டவணை. மார்ச் கடைசியில் நாட்டின் பல பகுதிகளில் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் என் டைமர் அவ்வளவு பின்தங்கியது. கேஸ் வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்ற காலத்தில் அதைத் திருப்பி வைக்கும் எண்ணம் எனக்கு எங்கே வந்தது? கூட்டிப் பார்த்தால் இருபது மணி நேரம் தங்கிப்போயிருந்தது. அப்படியென்றால் காலை 8 மணிக்குப் பற்ற வேண்டிய விளக்கு மறுநாள் அதிகாலை 4 மணிக்குப் பற்றும்.

ஏப்ரல் ஆரம்பத்தில் நோன்பு தொடங்கியது. ஸஹருக்கு எழும்பிய வீட்டார், குசினி பிளக் பேஸில் இன்வேட்டர் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்ததால், வெளிச்சம் தெரிந்த பின்னறைக்குக் கெட்டிலைக் கொண்டுபோய் என் மல்ட்டி பிளக்கில் சொருகிவிட்டார்கள். அந்த மல்ட்டி பிளக் டைமர் வழியாகத்தான் ஓடுகிறது. டைமர் சரியாக இருந்திருந்தால் அந்நேரம் அதில் கரண்ட்டே இருந்திராது. பத்து நிமிடம் ஆகவில்லை, பிளாஸ்டிக் கருகும் மணம். ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். டைமரின் பின்பக்கம் பழுப்பாகிப் போயிருந்தது. சுவரிலிருந்த பிளக் பேஸ் ஒரு பக்கம் உருகி வளைந்திருந்தது. அடுத்த அறையில் பிள்ளைகள் நித்திரை. அன்று எல்லோரும் விழித்திருந்த நேரமாகப் போனது எங்கள் அதிர்ஷ்டம்.

ட்ரிப் சுவிட்ச் ஏன் விழவில்லை என்று வயரிங் பாஸிடம் கேட்டேன். “அது விழாது நானா” என்றார். வீடுகளில் போடும் ட்ரிப் சுவிட்ச் போகிற கரண்ட்டையும் திரும்பி வருகிற கரண்ட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. 30 மில்லி அம்பியர் அளவு ஒழுகி நிலத்துக்கோ மனித உடம்புக்கோ போனால் அறுக்கும். இங்கே ஒன்றும் ஒழுகவில்லை. 2000 வாட் கெட்டிலும் 144 வாட் விளக்கும் சேர்ந்து 230 வோல்ட்டில் 9.3 அம்பியர் அளவு எடுத்தன. 13 அம்பியர் பியூஸுக்கும் அது குறைவு. ஆகவே எல்லாக் காவலாளியும் தன் தன் கணக்கில் சரியாகத்தான் இருந்தான்.

தவறு பிளக் பேஸின் உள்ளே. பாஸ் கழற்றிக் காட்டியபோது பித்தளையில் பச்சை பூத்திருந்தது, ஓர் ஆணி தளர்ந்திருந்தது. உப்புக் காற்றடிக்கும் வெள்ளவத்தை வீடுகளில் இது சாதாரணம். இப்படித் தளர்ந்த இணைப்பின் தடை வெறும் 0.3 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9.3 அம்பியர் போகும்போது அந்த ஒரு புள்ளியில் மட்டும் 26 வாட் சூடு பிறக்கும். ரேடியோ திருத்துபவர் ஈயம் உருக்கப் பிடிக்கும் சோல்டரிங் அயனின் சூடும் ஏறக்குறைய அவ்வளவுதான். விளக்கு மட்டும் ஓடினால் 0.6 அம்பியர், அதே இணைப்பில் கால் வாட்கூடப் பிறக்காது. இத்தனை நாளாக நோய் தெரியாமல் இருந்ததற்குக் காரணம் அதுவே.

செடிகளின் கதை தனி. வெளிச்ச நேரம் இரவு பகலாக மாறியதில் கிரிப்டோகோரைன் இலைகள் கூழாகிக் கரைந்தன. சூழல் திடீரென்று மாறினால் அந்தச் செடியின் குணம் அப்படி. கிழங்கு பிழைத்தது, விற்க இலை இல்லை. இரண்டு மாத வருமானம் போயிற்று.

கொட்டாஞ்சேனை நண்பர் என் அனுபவத்தைக் கேட்டு டிஜிட்டல் டைமர் வாங்கினார். அதற்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மின்கலம் இருக்கும். கரண்ட் போனாலும் நேரத்தைக் காக்கும். அந்தப் பிரச்சினை தீர்ந்தது, வேறொன்று வந்தது. அவர் கடையில் 40 வாட் எல்.ஈ.டி. பன்னிரண்டு. மொத்தம் 480 வாட், இரண்டு அம்பியர்தான். டைமரிலோ 16 அம்பியர் என்று அச்சிட்டிருந்தது. சில மாதத்தில் அதன் உள்ளே இருக்கும் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டு விளக்கு அணையவே இல்லை. பகலில் எரிவது வழக்கம், இரவில் ஷட்டர் இழுத்தாயிற்று, யார் பார்ப்பது? தொட்டி நீர் பாசியால் பச்சையான பிறகுதான் தெரிந்தது. இரண்டு வாரத்தில் 94 அலகு வீண். 2022 ஓகஸ்ட்டில் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறியிருந்த நேரம் அது.

“16 அம்பியர் என்று போட்டிருக்குதே நானா” என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். அந்த 16 அம்பியர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி போன்ற சூடாக்கும் பொருளுக்குரிய கணக்கு. எல்.ஈ.டி. விளக்கின் டிரைவருக்குள் கெப்பாசிட்டர் இருக்கிறது. சுவிட்ச் போட்ட கணத்தில் அது வெறும் வயிற்றோடு கரண்ட்டை இழுக்கும். கண் சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாக, ஆனால் வழக்கமான அளவைப் போலப் பல மடங்கு. பன்னிரண்டும் ஒன்றாக இழுத்தால் தொடுமுனையில் பொறி பறந்து நாளடைவில் பற்றவைத்தது போலாகிவிடும். பாஸ் ஒரு கொன்டாக்டர் போட்டுக் கொடுத்தார். இப்போது டைமர் கொன்டாக்டரை மட்டும் இயக்குகிறது, விளக்கின் பாரத்தைக் கொன்டாக்டர் சுமக்கிறது.

கைபேசியில் இயக்கும் பிளக்குகளும் நல்லவைதான். ஆனால் கரண்ட் வந்த பின் தானாகப் பற்றுமா, அணைந்தே கிடக்குமா என்று முதலிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். சீன நேரத்தில் இருந்தால் நம் நேரத்தை விட இரண்டரை மணி முந்திவிடும்.

என் அறையில் விளக்குக்குத் தனி வயர் இழுத்தாயிற்று. பிளக்கில் 13 அம்பியர் பியூஸுக்குப் பதில் 3 அம்பியர். இனி யார் கெட்டிலைக் கொண்டுவந்தாலும் பியூஸ் போய்விடும். மல்ட்டி பிளக்கைத் தண்ணீர்த் தட்டுக்கு மேலே உயர்த்தி, அதற்கு வரும் வயரைக் கீழே தொங்க விட்டு மேலே வளைத்திருக்கிறேன், வயரில் வழியும் நீர் பிளக்குக்கு ஏறாமல் அடியிலேயே சொட்டிவிடும். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துகிறேன். பேனா முனையால் எர்த் துளையைத் திறந்து இரண்டு முள் பிளக்கைச் சொருகும் நம்மவர் பழக்கம் இந்த அறையில் கிடையாது. எல்லாச் செலவும் கரைந்துபோன செடிகளின் விலையில் பாதி வராது.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி முற்பகல், பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாகச் சொல்லி நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அன்று நான் கொட்டாஞ்சேனைக் கடையில்தான் இருந்தேன். அடுத்தடுத்த நாட்களிலும் ஒன்றரை மணி நேர வெட்டுகள். அந்த வாரம் நண்பர் தொலைபேசி எடுத்தார். டைமரில் நேரம் ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லையாம். எத்தனை தட்டு வென்டீ அனுப்புவீர்கள் என்று கேட்டார்.