சிக்கனமே வியாபாரத்தின் காவல்

காரைநகர் வியாபாரிகளுக்குப் பெயர் போன ஊர். கொழும்பு முதல் பல நகரங்களிலும் அவ்வூரார் கடை வைத்தனர். ஆயினும் ஊருக்குத் தரைவழியே வரும் சரக்கு பொன்னாலைப் பாலம் கடந்தே வர வேண்டும். சரக்கு வரவு நின்றால் என்ன செய்வது? வணிகம் பயிலும் மாணவனான எனக்கு இதற்கு விடை தருவது 1990களின் பொருளாதாரத் தடைக் காலம்.

அப்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, எரிபொருளுக்குத் தட்டுப்பாடு. மக்கள் ஜாம் போத்தலில் பஞ்சும் சிறிதளவு மண்ணெண்ணெயும் இட்டு விளக்கெரித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். சிறிது பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டினர். 2022இல் டொலர் தட்டுப்பாட்டால் நாடே எரிபொருள் வரிசையில் நின்றபோது, சைக்கிள் மீண்டும் வீதிக்கு வந்தது.

சிக்கனம் கஞ்சத்தனம் அல்ல. வெளியிலிருந்து வருவது நின்றால் நம் கடை எத்தனை நாள் தாங்கும் என்று முன்கூட்டியே கணக்கிடுவதே சிக்கனம். எனவே வியாபாரிகள் மூன்று காரியங்களைச் செய்யலாம். மின்கட்டணம், வாகனச் செலவு, பொதி செய்யும் செலவு ஆகியவற்றை மாதந்தோறும் தனித்தனியே எழுதுங்கள். வீண்விரயம் தானே தெரியும். பனங்கட்டி, ஓலைப்பெட்டி, கருவாடு போன்ற உள்ளூர்ச் சரக்குக்கும் கடையில் இடம் கொடுங்கள். மிச்சப்படும் பணத்தில் முதலில் கடனை அடையுங்கள். கடன் குறைந்த கடை, சரக்கு வராத மாதத்திலும் திறந்திருக்கும்.