மேடில்லாப் பாதையில் மிதிவண்டிப் பயணம்

பயணம் என்றதும் நம் குடும்பங்களில் இரண்டு நினைவுகளே எழுகின்றன. ஒன்று, வேன் அமர்த்திக்கொண்டு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய்வருவது. மற்றொன்று, திருமணத்துக்கும் மய்யித்துக்கும் உறவினர் ஊருக்கு விரைவது. இரண்டிலும் வழி என்பது எப்படியாவது கடந்து தீர வேண்டிய ஒரு தொல்லையாகவே கருதப்படுகிறது. சன்னலுக்கு வெளியே ஓடும் வயலும் வாய்க்காலும் யார் கண்ணிலும் படுவதில்லை. பிள்ளைகள் கைப்பேசியில் மூழ்கியிருப்பர்; பெரியவர்கள் உறங்கிவிடுவர்.

வழியையே பயணமாக்கிக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. மிதிவண்டியில் நாளொன்றுக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் மட்டுமே சென்று, ஊர்தோறும் தங்கி, நான்கைந்து நாட்களில் ஒரு வட்டாரத்தைக் கண்டு திரும்பும் முறை அது. இதற்கு வீரம் வேண்டியதில்லை. விலையுயர்ந்த வண்டியும் வேண்டியதில்லை. பாதையைத் தேர்ந்தெடுக்கும் அறிவு ஒன்று போதும். பாதை தவறானால் இருபது வயது இளைஞனும் முதல் நாளே சோர்ந்துவிடுவான். பாதை சரியாக அமைந்தால் ஐம்பது வயதைக் கடந்த தந்தையும் பதின்மூன்று வயது மகளும் ஒன்றாகவே போய்ச் சேரலாம்.

நீர் காட்டும் வழி

சமதளப் பாதையை எங்கே தேடுவது? ஆறு இருக்கும் இடத்தில் தேட வேண்டும். நீர் தனக்கென எளிய சரிவையே தேர்ந்துகொள்கிறது. அதன் கரையைப் பற்றிச் செல்பவனுக்கும் அந்த எளிமை கிடைத்துவிடுகிறது.

ஐரோப்பாவில் டான்யூப் ஆற்றங்கரைப் பாதை இதற்குச் சிறந்த சான்று. ஜெர்மனியின் பாஸாவ் நகரிலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரை முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. இவ்வளவு தூரத்துக்கும் ஆறு இறங்கும் உயரம் 150 மீட்டருக்கும் குறைவே. முற்காலத்தில் குதிரைகளைக் கரையில் நடத்திப் படகுகளை இழுத்துச் சென்ற தடங்கள் பல இன்று மிதிவண்டிப் பாதைகளாகியுள்ளன. குழந்தைகளும் முதியோரும் அடங்கிய குடும்பங்கள் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அதைக் கடக்கின்றன. மலைகள் இருபுறமும் நிற்க, பாதை மட்டும் சமதளமாகவே செல்கிறது. காட்சிக்காக மலையேற வேண்டியதில்லை என்பது அதனால் விளங்கும்.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவை இல்லை. காவிரி பல்லாயிரம் ஆண்டுகளாக வண்டல் கொட்டிச் சமன் செய்த நிலம் நம் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. தஞ்சாவூரின் உயரம் கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட இல்லை. அங்கிருந்து நாகப்பட்டினம் எண்பது கிலோமீட்டருக்கு மேல். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவிலான சரிவைக் கால்கள் உணரவே மாட்டா. கடற்கரையை ஒட்டிய பகுதியிலோ, ஆறுகளின் மீதுள்ள பாலங்களில் ஏறி இறங்குவதே பெரிய ஏற்றம்!

காற்றும் பருவமும்

மேடு இல்லாத நாட்டில் காற்றுதான் மேடு. தடுக்க ஒரு குன்றுகூட இல்லாத வெளியில் எதிர்க்காற்று அடித்தால், நாற்பது கிலோமீட்டர் எண்பதாகத் தோன்றும். எனவே திசையைக் காற்றைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

சோழமண்டலக் கடற்கரையில் தை, மாசி மாதங்களில் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து காற்று வீசும். அப்போது வடக்கிலிருந்து தெற்கே செல்பவருக்கு அது முதுகைத் தள்ளிவிடும் துணை. மழை ஓய்ந்து, ஆறுகளில் நீர் எஞ்சியிருக்கும் காலமும் அதுவே. சம்பா கதிர்கள் முற்றி வயல்கள் பொன்னிறமாகக் காட்சியளிக்கும். சில இடங்களில் அறுவடையும் நடந்துகொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் இதற்கு ஏற்றவை அல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தது இந்த வேதாரண்யம் பக்கமே. சித்திரை, வைகாசி வெயிலோ நிழலற்ற உப்பளச் சாலையில் உடலை வாட்டிவிடும். கோடை விடுமுறைக்குத்தான் பயணம் என்று பழகிய நாம் இந்த ஒன்றில் மட்டும் பழக்கத்தை மாற்றிக்கொண்டு, பொங்கல் விடுமுறையைப் பயன்படுத்திக்கொள்வது நலம்.

மயிலாடுதுறை முதல் அதிராம்பட்டினம் வரை

இந்தக் கணக்குகளை எல்லாம் வைத்துப் பார்த்தால், ஐந்து நாள் பயணத்துக்கு ஒரு வழி தானே அமைகிறது.

முதல் நாள், ரயில் சந்திப்பான மயிலாடுதுறையில் தொடங்கித் தரங்கம்பாடி வழியாகக் காரைக்கால். சுமார் 45 கிலோமீட்டர். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1845இல் அவ்வூரை அவர்கள் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். மதிய உணவை அங்கே முடித்துக்கொண்டு சிறிது இளைப்பாறினால், வெயில் தாழ்ந்தபின் காரைக்காலை அடையலாம். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் அது. ஒரே நாளில் இரண்டு ஐரோப்பிய நாடுகளின் சுவடுகளைப் பிள்ளைகள் கண்ணாரக் காண்பர். வரலாற்றுப் பாடம் இதைவிட எளிதாக மனத்தில் பதியுமா?

இரண்டாம் நாள் நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவில்தான் வரும். ஆனால் காரைக்காலுக்கும் நாகூருக்கும் இடையே துறைமுகச் சரக்கு லாரிகளின் நடமாட்டம் உண்டு. ஆகவே வைகறைத் தொழுகை முடிந்து, நன்கு வெளிச்சம் வந்ததும் புறப்பட்டு அப்பகுதியைக் கடந்துவிட வேண்டும். நாகூரின் ஐந்து மினாராக்களில் மிக உயர்ந்ததன் உயரம் 131 அடி. அதைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நாகை மாவட்டத்தில் 2004 ஆழிப்பேரலை ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இன்று அமைதியாகத் தோன்றும் அதே கடலைப் பார்த்தபடி செல்லும்போது, அந்த நாளை அறியாத தலைமுறைக்கு அதை எடுத்துரைப்பதும் நம் கடமை.

மூன்றாம் நாள் வேளாங்கண்ணியிலிருந்து திருப்பூண்டி, வேட்டைக்காரனிருப்பு, தோப்புத்துறை வழியாக வேதாரண்யம். சுமார் 40 கிலோமீட்டர். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு அள்ளிய ஊர் இது. ஏறத்தாழ 150 மைல் தொலைவை அவர்கள் பதினைந்து நாட்களில் கடந்தனர். நாளுக்குப் பத்து மைல் வீதம், அதுவும் சித்திரை வெயிலில்! அதை எண்ணிப்பார்த்தால் நாம் வகுத்துக்கொண்டது எவ்வளவு சொகுசான பயணம் என்பது புரியும்.

நேரம் இருந்தால் வேதாரண்யத்திலேயே கூடுதலாக ஒரு நாள் தங்கலாம். அகத்தியன்பள்ளி உப்பளங்களின் நடுவே செல்லும் சாலை கோடியக்கரைக்குப் போகிறது. அங்குள்ள சரணாலயம் 1967இல் அறிவிக்கப்பட்டது. வெளிமான்கள் கூட்டமாக மேயும். குளிர்காலத்தில் பூநாரைகள் வந்திறங்கும். அந்த நிலமுனையின் மிக உயர்ந்த மேடே நாலைந்து மீட்டர்தான் என்றால் சமதளத்துக்கு வேறு சாட்சி எதற்கு?

நான்காம் நாள் வேதாரண்யத்திலிருந்து திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை. ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் வருவதால் பயணத்தில் நீண்ட நாள் இதுவே. அதனால்தான் கால்கள் பழகியபின் இதை வைத்துக்கொள்கிறோம். ஐந்தாம் நாள் காலையில் வனத்துறையின் அனுமதி பெற்றுப் படகில் சென்று அலையாத்திக் காடுகளைக் கண்டுவிட்டு, அஸருக்குப் பின் சுமார் 15 கிலோமீட்டர் சென்றால் அதிராம்பட்டினம். கடைசி நாளைச் சிறியதாக வைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். களைத்த உடலோடு வீடு திரும்புபவர் மறுமுறை புறப்பட மாட்டார்.

இவ்வழியின் மற்றொரு நன்மை, இடையில் முடியாமல் போனால் திரும்புவதற்கு வழி இருப்பது. திருவாரூர் - காரைக்குடி அகலப்பாதை 2019இல் திறக்கப்பட்டது. திருத்துறைப்பூண்டி - அகத்தியன்பள்ளிப் பாதையில் 2023இல் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. வண்டிகள் குறைவாதலால் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். பேருந்தோ, சிறு சரக்கு வண்டியோ பெரும்பாலான ஊர்களில் கிடைக்கும்.

பெண்மக்களும் வரலாம்

‘இதெல்லாம் ஆண்பிள்ளைகளுக்கு’ என்று சிலர் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். அவர்களுக்கு ஒரு செய்தி. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். பல்லாயிரக்கணக்கான கிராமப் பெண்கள் ஓட்டக் கற்றனர். அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தனர். தண்ணீர் எடுக்கவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் பிறர் தயவை எதிர்பாராத நிலை அவர்களுக்கு வாய்த்தது.

இன்றோ, அரசுப் பள்ளியில் மேல்நிலை வகுப்புக்குப் போகும் நம் மகள்களுக்கு விலையில்லாமல் மிதிவண்டி கிடைக்கிறது. படிப்பு முடிந்ததும் அது கொல்லைப்புறச் சுவரில் சாய்ந்து துருப்பிடிக்கிறது. காரணம் கேட்டால், ‘சாலையில் லாரி பறக்கிறது, பெண்பிள்ளையை எப்படி விடுவது?’ என்பர். அந்த அச்சம் பொய்யானது அன்று. ஆயினும் அச்சத்துக்குரியது சாலைதானே ஒழிய வண்டி அன்று. நெடுஞ்சாலையை விட்டு வாய்க்கால் கரையையும் கிராமச் சாலையையும் தேர்ந்துகொண்டு, தகப்பன் முன்னே, தமையன் பின்னே, மகள் நடுவே என்று சென்றால் அந்த அச்சம் பெருமளவு நீங்கும். பள்ளிக்கு ஓட்டிய கால்கள் ஓட்ட மறந்துபோவது அந்தப் பெண்ணுக்கு மட்டுமா இழப்பு? நாளை அவள் வளர்க்கப்போகும் பிள்ளைகளுக்கும் அது இழப்பே.

புறப்படுமுன்

வண்டி எதுவாயினும் குற்றமில்லை. சமதளத்துக்கு நம் பழைய கறுப்பு சைக்கிளே போதும். பிரேக்கையும் டயரையும் மட்டும் கடைக்காரரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்க. இருக்கையின் உயரம் கால் ஏறக்குறைய நீளும் அளவுக்கு இருத்தல் வேண்டும். தாழ்ந்த இருக்கை முழங்காலை வருத்தும். பையை முதுகில் சுமக்காமல் கேரியரில் கட்டுக. காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் உடன் இருக்கட்டும். தலைக்கவசம் அனைவருக்கும் தேவை.

பயணத்துக்குப் பதினைந்து நாட்களுக்கு முன்பிருந்தே தினமும் ஒரு மணி நேரம் ஓட்டிப் பழகுங்கள். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம் போதும்; நாற்பது கிலோமீட்டர் நான்கு மணி நேர வேலைதான். அதைக் காலையில் இரண்டரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் என்று பகுத்துக்கொண்டால் உச்சி வெயிலுக்கு முன்பே பெரும்பகுதி முடிந்துவிடும். ளுஹரிலிருந்து அஸர் வரை ஏதேனும் ஒரு பள்ளிவாசல் உள்ள ஊரில் தங்கி ஓய்வெடுக்கலாம். மஃரிபுக்குப் பின் சாலையில் இருக்கவே கூடாது.

நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். நீரிழிவுக்கு மருந்து உண்போர் வெறும் வயிற்றில் ஓட்டலாகாது. சர்க்கரை திடீரெனக் குறைந்தால் உடனே உண்ணச் சில பேரீச்சம்பழங்களைச் சட்டைப் பையில் வைத்திருங்கள்.

தங்கும் இடங்களை முன்னரே பேசி வைத்துவிடுங்கள். இக்கடற்கரை நெடுகிலும் நம்மவர் ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. உறவோ நட்போ இல்லாத ஊர் ஒன்றிரண்டே இருக்கும். திருமணத்துக்கு மட்டுமே தலைகாட்டும் உறவினர் வீட்டில், பிள்ளைகளோடு சைக்கிளில் போய் இறங்கிப் பாருங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளும் அடுத்த ஊர் வரை உங்களோடு கிளம்பிவிடுவார்கள்.

தை பிறக்கும்வரை நாட்கள் இருக்கின்றன. கொல்லையில் சாய்ந்திருக்கும் வண்டியை இவ்வாரமே துடைத்து எண்ணெய் போடுங்கள். மாலையில் மகளையும் மகனையும் அழைத்துக்கொண்டு பக்கத்து ஊர் வாய்க்கால் பாலம் வரை ஒருமுறை போய்வாருங்கள்.